எங்கள் பூங்காவுக்கு நாங்கள் எழுத முடியாத விதி

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை மாலை. எங்கள் டவுன்ஷிப்பின் சிறுவர் பூங்காவில் மேப்பிள் இலைகள் கணுக்கால் புதையும் அளவுக்கு உதிர்ந்து கிடந்தன. நான் ஊஞ்சல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது மகன் ஓடி வந்தான். ஓடி வந்தவன் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, "அம்மா, அங்கே ஒரு துப்பாக்கி கிடக்கிறது. நான் தொடவில்லை" என்றான்.

விளையாட்டுத் துப்பாக்கியாக இருக்கும் என்றுதான் எழுந்து போனேன். மணல்தொட்டியைத் தாண்டி, வேலியோரம், இலைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கைத்துப்பாக்கி. பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை விட்டுப்போன மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மண்வெட்டி. மகனைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, வேறு எந்தக் குழந்தையும் அந்தப் பக்கம் வராதபடி கைகளை விரித்து நின்றுகொண்டே காவல்துறையைக் கூப்பிட்டேன். பதினோரு நிமிடங்கள் கழித்து வந்தார்கள். வந்த காவலர் கையுறை போட்டுக்கொண்டு அதை எடுத்தார். தோட்டாக் கூட்டைக் கழற்றினார். பிறகு மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளே சுடுவதற்குத் தயாராக ஒரு தோட்டா இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு வெளியே உள்ள ஒரு டவுன்ஷிப்பில் பத்தொன்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். டவுன்ஷிப் என்றால் இங்கே நம்மூர் ஊராட்சி போன்ற ஓர் உள்ளாட்சி அமைப்பு. கணக்காளர் வேலை. அரசியல் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. இதை எழுதக் காரணம், அந்த மாலைக்குப் பிறகு ஐந்து மாதங்களில் நான் கற்றுக்கொண்டது. நம்மவர்கள் நிறையப் பேர் இந்த நாட்டில் வீடு வாங்கி, சொத்து வரி கட்டி, பள்ளிக்கூட வாரியத் தேர்தலில்கூட வாக்களிக்கிறோம். ஆனால் நம் ஊர் நிர்வாகத்துக்கு எதைச் செய்ய அதிகாரம் இருக்கிறது, எதைச் செய்ய இல்லை என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்று வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனம், விற்ற கடை, முதலில் வாங்கியவர் என்று வரிசையாகத் தேடிப் போவார்களாம். அப்படித் தேடியதில் உரிமையாளர் கிடைத்துவிட்டார். பக்கத்து டவுன்ஷிப்காரர். ஏழு மாதங்களுக்கு முன்பு அவருடைய காரிலிருந்து துப்பாக்கி திருடு போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோதுதான் சொன்னார்.

"சொல்லாமல் இருந்தது குற்றம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இந்த மாநிலத்தில் இல்லை" என்றார் அதிகாரி.

அந்த வாக்கியத்திலிருந்துதான் எனக்கு எல்லாம் தொடங்கியது. திருடு போன துப்பாக்கியைப் புகார் செய்வது ஏன் முக்கியம் என்பதை அவரே விளக்கினார். துப்பாக்கி வாங்கத் தகுதி இல்லாதவனுக்காகத் தகுதி உள்ள ஒருவன் கடையில் வாங்கிக் கொடுப்பது இங்கே பழைய தந்திரம். பிறகு அந்தத் துப்பாக்கி ஏதாவது குற்றத்தில் சிக்கி, காவலர்கள் வாங்கியவன் வீட்டுக் கதவைத் தட்டினால், "அதுவா, அது எப்போதோ திருடு போய்விட்டதே" என்பான். புகார் கட்டாயம் என்றால் அந்தச் சாக்குச் செல்லாது. யாருடைய துப்பாக்கியையும் பிடுங்காத விதி இது. காணாமல் போனால் சொல் என்று மட்டும் கேட்கிறது.

நவம்பரில் டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போனேன். ஐந்து உறுப்பினர்கள் கொண்ட வாரியம், அமெரிக்கக் கொடி, ஒலிவாங்கி, வந்திருந்தவர்கள் இருபது பேர். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். நான் இரண்டு கோரிக்கைகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒன்று, திருடு போன துப்பாக்கியை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். மற்றொன்று, சிறுவர் பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது. பேசும்போது கை நடுங்கியது. உறுப்பினர்கள் ஐந்து பேரும் கவனமாகக் கேட்டார்கள். அவர்களில் ஒருவருடைய பேரக்குழந்தை அதே மணல்தொட்டியில் விளையாடுகிறது.

பிறகு டவுன்ஷிப்பின் வழக்கறிஞர் எழுந்தார். அன்பாகத்தான் பேசினார். கையில் ஒரு தாள். பென்சில்வேனியா குற்றவியல் சட்டத்தின் 6120ஆம் பிரிவு. எந்த மாவட்டமும், நகராட்சியும், டவுன்ஷிப்பும் துப்பாக்கிகளையோ தோட்டாக்களையோ சட்டப்படி சொந்தமாக வைத்திருப்பதை, கையில் வைத்திருப்பதை, கைமாற்றுவதை, எடுத்துச் செல்வதை "எந்த வகையிலும்" ஒழுங்குபடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்த "எந்த வகையிலும்" என்ற இடத்தில் அவர் ஒரு நொடி நிறுத்தினார்.

"பூங்கா நம்முடையதுதானே? புல் வெட்டுவது நாம், விளக்குப் போடுவது நாம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"லோயர் மெரியான் டவுன்ஷிப்பும் அதைத்தான் சொன்னது" என்றார் வழக்கறிஞர். பிலடெல்பியாவை ஒட்டிய ஊர் அது. தன் பூங்காக்களில் துப்பாக்கி கூடாது என்று விதி வைத்திருந்தது. துப்பாக்கி உரிமையாளர் அமைப்பு ஒன்று வழக்குப் போட, 2016 டிசம்பரில் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான காமன்வெல்த் நீதிமன்றம் அந்த விதி 6120ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்துவிட்டது. புகார் செய்யும் விதியோ? பிலடெல்பியா மாநகரமே 24 மணி நேர விதி வைத்திருந்தது. 2022இல் அதே நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

ஆங்கிலத்தில் இதை 'ப்ரீஎம்ப்ஷன்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது என்று நெடுநேரம் யோசித்தேன். 'மாநிலம் முந்திக்கொள்வது' என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு துறையில் மாநிலம் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், ஊர் நிர்வாகத்துக்கு அங்கே இடம் இல்லை. மாநிலம் அந்த இடத்தில் உட்கார்ந்து எதையுமே செய்யாமல் இருந்தாலும், இடம் காலி இல்லை. என்னை உறுத்துவது இந்தக் கடைசிப் பகுதிதான்.

விதிமுறைகளை வரி வரியாகப் படிப்பது என் தொழில். படிக்கத் தொடங்கினேன். முதலில் எனக்குப் புரிய வேண்டியிருந்தது, ஊருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது. அமெரிக்க அரசியலமைப்பில் நகரம் என்ற சொல்லுக்கே இடம் இல்லை. கூட்டரசு உண்டு, மாநிலங்கள் உண்டு, அவ்வளவுதான். 1868இல் அயோவா மாநிலத்து நீதிபதி ஜான் டில்லன் எழுதிய தீர்ப்பு இன்றுவரை பேசப்படுகிறது: நகரங்களைப் பெற்றெடுத்தது மாநிலச் சட்டமன்றம், உயிர் கொடுத்ததும் அதுவே, ஆக்கியது அழிக்கவும் செய்யலாம். 1907இல் உச்ச நீதிமன்றம் இதையே நாடு முழுவதற்கும் உறுதி செய்தது. அந்த வழக்கு எங்கள் மாநிலத்துடையது. பிட்ஸ்பர்க்கை ஒட்டி அலெகெனி என்று ஒரு தனி நகரம் இருந்தது. அதன் மக்கள் பெரும்பான்மையாக மறுத்தும், இரு நகரத்து வாக்குகளையும் சேர்த்து எண்ணி, அலெகெனியைப் பிட்ஸ்பர்க்குடன் இணைத்துவிட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போனார்கள், மாநிலம் நினைத்தால் செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது. ஒரு நகரமே வரைபடத்திலிருந்து போன பிறகு, ஒரு பூங்கா விதி எம்மாத்திரம்.

பிறகு சில மாநிலங்கள் 'ஹோம் ரூல்' என்ற பெயரில் நகரங்களுக்குத் தன்னாட்சி கொடுத்தன. பிலடெல்பியாவுக்கும் அது உண்டு. ஆனாலும் மாநிலம் வெளிப்படையாகக் கை வைத்த விஷயத்தில் அது உதவாது. 1993இல் பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் தாக்குதல் வகைத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டன. 1996இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் இரண்டையும் நீக்கியது. ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு காக்கும் உரிமை. அதை ஒழுங்குபடுத்துவது மாநிலம் முழுவதற்கும் பொதுவான விஷயம். அதற்கு இடம் சட்டமன்றம்தான், நகர மன்றம் அல்ல என்றது தீர்ப்பு. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வழக்கும் அந்தச் சுவரில்தான் மோதியது.

பிட்ஸ்பர்க்கின் கதை என்னைத் தூங்க விடவில்லை. 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, ஸ்குவிரல் ஹில் பகுதியில் உள்ள 'ட்ரீ ஆஃப் லைஃப்' யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அந்த நகரம் அடுத்த ஆறு மாதத்துக்குள், தன்னால் முடியாது என்று தெரிந்தே, முயன்றது. வழக்கறிஞர்கள் 6120ஆம் பிரிவை உற்றுப் பார்த்தார்கள். அதில் சொந்தமாக வைத்திருப்பது, கைமாற்றுவது, எடுத்துச் செல்வது என்றெல்லாம் இருந்தது. 'பயன்படுத்துவது' என்ற சொல் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பொது இடங்களில் தாக்குதல் வகைத் துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி எழுதினார்கள். 2019 ஏப்ரலில் மேயர் பில் பெடூடோ கையெழுத்திட்டார். அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி அதை ரத்து செய்தார். 2022இல் மேல்முறையீட்டிலும் நகரம் தோற்றது. பதினொரு பேரைப் புதைத்த ஊர், சட்டத்தின் வேலியில் ஒரு சொல் அளவுக்காவது இடைவெளி இருக்குமா என்று தேடியிருக்கிறது. அதைப் படித்த இரவு நான் கணினியை மூடிவிட்டு மகன் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்காளராக எனக்கு அது மிகவும் கோபம் தந்தது. 2014இல் எங்கள் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதன்படி உள்ளூர்த் துப்பாக்கி விதியால் பாதிக்கப்படாதவர்கூட, ஊரில் குடியிருக்காத அமைப்புகூட, ஊர் மீது வழக்குத் தொடுக்கலாம்; வென்றால் வழக்குச் செலவை ஊர் கட்ட வேண்டும். சிறு ஊர்கள் பயந்துபோய், புத்தகத்தில் இருந்த பழைய விதிகளைத் தாங்களே நீக்கத் தொடங்கின. அந்தச் சட்டம் எந்த மசோதாவில் ஒளிந்து வந்தது தெரியுமா? செம்புக் கம்பி போன்ற உலோகங்களைத் திருடுவதைத் தடுக்கும் மசோதாவில். ஒரு மசோதாவில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்று பென்சில்வேனியா அரசியலமைப்பு சொல்கிறது. அந்தக் காரணத்தால் 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. நல்ல வேளை. ஆனால் உள்ளடக்கம் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை; வந்த வழி தவறு என்றுதான் சொன்னது.

இது எங்கள் மாநிலத்தின் நோய் மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஐம்பது மாநிலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு வடிவில் இந்தத் தடை உண்டு. எங்களுடையது 1974ஆம் ஆண்டுச் சட்டம், முன்னோடிகளில் ஒன்று. பெரிய அலை அதன் பிறகுதான் எழுந்தது. 1981இல் இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் குரோவ் என்ற சிற்றூர் கைத்துப்பாக்கிகளையே தடை செய்தது. கூட்டரசு நீதிமன்றமும் அடுத்த ஆண்டு அதை ஏற்றது. அதற்குப் பதிலடியாக ஜார்ஜியாவில் கென்னசா என்ற ஊர், ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று 1982இல் விதி போட்டது. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கம் இன்னும் பெரிய பாடத்தைக் கற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒவ்வொன்றாகச் சண்டை போடுவதைவிட, மாநிலத் தலைநகரில் ஒரே ஒரு சட்டத்தை வாங்கிவிட்டால் போதும். அடுத்த இருபது ஆண்டுகளில் மாநிலம் மாநிலமாக அப்படியே நடந்தது.

புளோரிடா இதில் எல்லாரையும் மிஞ்சிவிட்டது. அங்கே 1987 முதலே ஊர்களுக்கு இந்த அதிகாரம் இல்லை. 2011இல் தண்டனையையும் சேர்த்தார்கள். தெரிந்தே துப்பாக்கி விதி போடும் உள்ளூர் அதிகாரி தன் சொந்தப் பையிலிருந்து 5,000 டாலர் வரை அபராதம் கட்ட வேண்டும். ஆளுநர் அவரைப் பதவியிலிருந்து நீக்கலாம். அவர் சார்பில் வாதாடப் பொதுப்பணத்தைச் செலவிடக் கூடாது. வழக்குப் போட்டவருக்கு ஊர் 100,000 டாலர் வரை நஷ்டஈடு தர வேண்டி வரலாம். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு பல புளோரிடா நகரங்கள் சேர்ந்து, துப்பாக்கி விதி போட அல்ல, போட நினைத்தவரைத் தண்டிக்கும் பிரிவை மட்டுமாவது நீக்கச் சொல்லி வழக்குத் தொடுத்தன. 2019இல் கீழமை நீதிமன்றத்தில் வென்றன. மேல்முறையீட்டில் தோற்றன. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் தண்டனை செல்லும் என்றுவிட்டது. வாக்குப் போட்டதற்காக, மாநிலச் சட்டமன்ற உறுப்பினரோ, காங்கிரஸ் எனப்படும் கூட்டரசு நாடாளுமன்றத்தின் உறுப்பினரோ அபராதம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊர் மன்ற உறுப்பினர் மட்டும் ஏன் கட்ட வேண்டும்? வாக்களித்த மக்கள் அவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாமே.

இங்கே என் எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது, ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர், மான் வேட்டைக்காரர். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்த இரவு, பனியில், கூப்பிடாமலே கருவிப் பெட்டியோடு வந்து நின்றவர். நவம்பர் கூட்டத்தில் எனக்கு எதிராகப் பேசியவர் அவர். மூன்று நிமிடத்தில் இரண்டைத்தான் எடுத்துக்கொண்டார்.

"ஒவ்வோர் ஆண்டும் ரைஃபிளைக் காரில் பூட்டி வைத்துக்கொண்டு மாநிலத்தின் வடக்குக் கோடிவரை போகிறேன். இந்த மாநிலத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் ஊர்கள். வழியில் எத்தனை ஊர் எல்லைகளைக் கடக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி என்றால், காலையில் நல்ல குடிமகனாகக் கிளம்பும் நான் மதியத்துக்குள் எந்த ஊரில் குற்றவாளி ஆவேன்?"

இது வெற்று வாதம் இல்லை. நான் அதை எத்தனையோ முறை மனதில் புரட்டிப் பார்த்தேன். எல்லைக்கோட்டைத் தாண்டினால் சட்டம் மாறும் என்றால், அதில் மாட்டுபவர் பெரும்பாலும் அறியாமல் தவறு செய்பவராகவே இருப்பார். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவரே அதிகம் துன்பப்படுவார்.

ஊர் எல்லையின் மெல்லிய தன்மைக்கு கொலராடோவின் போல்டர் நகரமும் சாட்சி. 2018இல் அந்த நகரம் தாக்குதல் வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. 2021 மார்ச் 12 அன்று, மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று நீதிபதி அதை நிறுத்தினார். பத்தே நாளில், மார்ச் 22 அன்று, அதே நகரத்தின் மளிகைக் கடையில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்; நானும் முதலில் அப்படித்தான் கொதித்தேன். ஆனால் கொலைகாரன் துப்பாக்கியை வாங்கியது ஆர்வாடா என்ற வேறோர் ஊரில். போல்டரின் தடை உயிரோடு இருந்திருந்தாலும் அந்த விற்பனையை அது எட்டியிருக்காது. இதை மறைத்து எழுதினால் என் எதிர்வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது.

அதே நேரத்தில், கொலராடோ சட்டமன்றம் அடுத்துச் செய்ததையும் சொல்கிறேன். அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே பழைய தடையை நீக்கி, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை ஊர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் இயற்றியது. வர்ஜீனியா வேறு வழியில் போனது. 2020 ஜூலை முதல் அங்கே ஊர் நிர்வாகங்கள் தங்கள் சொந்தக் கட்டடங்களிலும், பூங்காக்களிலும், அனுமதி பெற்று நடக்கும் பொது நிகழ்ச்சிகளிலும் துப்பாக்கியைத் தடுக்கலாம்; ஆனால் நுழைவாயிலில் அறிவிப்புப் பலகை வைத்திருக்க வேண்டும். சாலையில் போகிறவரை அந்த விதி தொடாது. வேட்டைக்குப் போகிறவரின் டிக்கியைத் தொடாது. பலகை இருக்கும் வாசலுக்குள் வருகிறவருக்கு மட்டும்தான். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. பொதுச்சாலைக்கு மாநிலம் ஒரே சட்டம் எழுதட்டும். எங்கள் மணல்தொட்டிக்கு நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அதே வர்ஜீனியாவில், அந்தச் சட்டங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும், நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிர்வாகங்கள் 'இரண்டாம் திருத்தத்தின் சரணாலயம்' என்று தங்களை அறிவித்துத் தீர்மானம் போட்டன. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்புத் திருத்தம்தான் அந்த இரண்டாம் திருத்தம். மாநிலத்தின் துப்பாக்கிச் சட்டம் எங்களுக்கு வேண்டாம், எங்கள் ஊர் எங்கள் விருப்பம் என்பது தீர்மானத்தின் பொருள். அப்போது மாநிலம் முழுவதும் ஒரே சட்டம் வேண்டும் என்று பேசியவர்கள் மறுபக்கத்தார். ஆக, உள்ளூர் அதிகாரம் என்பதை இரு பக்கத்தாரும் தேவைப்படும்போது தூக்கிப்பிடித்து, தேவைப்படாதபோது கீழே வைக்கிறார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்: பக்கத்து ஊர் கென்னசாவைப் போல விதி போட்டால் அதையும் உள்ளூர் உரிமை என்று ஏற்பேனா? ஏற்க மாட்டேன். அதனால்தான் எல்லா அதிகாரத்தையும் ஊருக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. ஊரே சொந்தமாக வைத்து நடத்தும் இடங்களுக்கு மட்டும் கேட்கிறேன்.

திருடு போனதைச் சொல்லும் விதி? அது மாநிலம் முழுவதற்கும் இருந்தால்தான் பயன். அந்தத் துப்பாக்கி திருடு போனது பக்கத்து ஊரில். கிடைத்தது எங்கள் ஊரில். எங்கள் டவுன்ஷிப் விதி இருந்திருந்தாலும் அந்த மனிதரைக் கட்டுப்படுத்தியிருக்காது. எதிர்வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது எனக்கு வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

அப்படியென்றால் எங்கள் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் என்ன செய்தது? 2023 மே மாதத்தில் மாநிலக் கீழவை துப்பாக்கி மசோதாக்களை வாக்கெடுப்புக்கு விட்டது. வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் மசோதாவும், ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்கும் மசோதாவும் கீழவையைத் தாண்டின, மேலவையில் நின்றுவிட்டன. திருடு போன துப்பாக்கியைப் புகார் செய்யும் மசோதா கீழவையிலேயே தோற்றது. 100க்கு 101. ஒரே ஒரு வாக்கு. எங்கள் பூங்காவில் அந்தத் துப்பாக்கி கிடப்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு.

எங்கள் வாரியத்தின் ஐந்து பேரும் நான் பேசியதை நேருக்கு நேர் கேட்டார்கள். அவர்களால் எதுவும் செய்ய முடியாது. செய்யக்கூடியவர்கள் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள்; கீழவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 64,000 மக்கள். அவர்கள் செய்யவும் இல்லை, மற்றவரைச் செய்ய விடவும் இல்லை. இதை நீதிமன்றத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகளையும் உறவினரையும் இழந்த பென்சில்வேனியர்களும் பிலடெல்பியா மாநகரமும் 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். மாநிலம் எங்கள் நகரங்களின் கையைக் கட்டிப்போட்டு, அதன் மூலம் எங்கள் ஆபத்தைப் பெருக்குகிறது என்பது அவர்களின் வாதம். நான் டவுன்ஷிப் கூட்டத்தில் பேசிய அதே நவம்பரில், 2024இல், மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது. சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. மாற்ற வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். அந்தச் செய்தியைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

டிசம்பர் கூட்டத்தில் எங்கள் வாரியம் தன்னால் முடிந்ததைச் செய்தது. வேலியோரம் இன்னும் இரண்டு விளக்குகள். காவல் நிலையத்தில் துப்பாக்கிப் பூட்டுகளை இலவசமாகக் கொடுப்பது. பிறகு ஒரு தீர்மானம்: திருடு போன துப்பாக்கிகள் குறித்துச் சட்டம் இயற்றும்படியும், ஊர்ப் பூங்காக்களை 6120ஆம் பிரிவிலிருந்து விலக்கும்படியும் மாநிலச் சட்டமன்றத்தைக் கேட்டுக்கொள்வது. தீர்மானத்துக்குச் சட்ட பலம் இல்லை. அதனால்தான் அதைப் போட அனுமதி இருக்கிறது. நான்குக்கு ஒன்று என்று நிறைவேறியது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்ப நான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கையெழுத்துக் கேட்கப் போகவில்லை. தவறு எதுவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லத்தான் போனேன்; துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து '24 மணி நேரம்' என்பதை அடித்தார்.

"வேட்டை முகாமில் தொலைபேசி எடுக்காது. வீட்டில் திருடு போனால் எனக்கு எப்படித் தெரியும்? தெரியவந்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். 72 மணி நேரம் கொடுங்கள்."

திருத்திக்கொண்டேன். பூங்காவைப் பற்றிய பத்தியில் அவருக்கு உடன்பாடு இல்லை. நெடுநேரம் பேசினோம், அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. கடைசியில் கடிதத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம். பூங்கா பற்றிய கடிதத்தில் என் பெயர் மட்டும். திருடு போன துப்பாக்கிகள் பற்றிய கடிதத்தில் இரண்டு பெயர்கள், அவருடைய கையெழுத்து மேலே. இரண்டு உறைகளையும் மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டேன். அடுத்த மாதம் இருவரும் ஹாரிஸ்பர்க்குக்குப் போவதாக இருக்கிறோம். அவருடைய காரில்.